கோமளா குரலுக்கு ஒரு கம்ப்யூட்டர்

உள்ள வரலாங்களா டீச்சர்? செருப்பை இங்கயே விட்டுடறேன். இந்தப் பை மட்டும் என் கையிலயே இருக்கட்டும். கம்ப்யூட்டர் இருக்கு இதுல. திருச்சியில பஸ் ஏறினதுலேர்ந்து மடியிலதான் வச்சுக்கிட்டு வந்தேன். கண்டக்டர் மேல தூக்கி வைங்கன்னாரு, நான் கேக்கல. பக்கத்துல இருந்தவரு ஏதோ நகைன்னு நெனச்சுக்கிட்டாரு போல, கரூர் வர்ற வரைக்கும் என்னையும் பையையுமே பாத்துக்கிட்டு வந்தாரு.

என்னை அடையாளம் தெரியுதுங்களா? சபாபதி. உறையூர்ல உங்களுக்கு ஜாக்கெட் தைச்சுக் குடுப்பாளே கோமளா, அவ வீட்டுக்காரன். நீங்க அளவு குடுக்க வர்றப்பல்லாம் நான் மிக்ஸியையோ அயர்ன்பாக்ஸையோ பிரிச்சுப் போட்டுக்கிட்டு ஓரமா உக்காந்திருப்பேன். கரூருக்கு மாத்தலாகி வந்தப்புறமும் நீங்க அவகிட்டதானே துணியைக் கூரியர்ல அனுப்பித் தைச்சுக்கிட்டிருந்தீங்க. கூரியர் கவர்ல இருந்த விலாசத்தை வச்சுத்தான் வந்தேன்.

தண்ணி போதும் டீச்சர், காபி வேண்டாம். வந்த விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். உங்க போன்ல கோமளா குரல் இருக்குமா? வாட்ஸ்அப்புல பேசி அனுப்புவாளே, கை எவ்வளவு இறக்கம், கழுத்து ரவுண்டா சதுரமான்னு, அது. அழிச்சிருக்க மாட்டீங்களே? அழிச்சிருந்தாலும் உடனே இல்லன்னு சொல்லிடாதீங்க. நான் சொல்றதைக் கொஞ்சம் கேட்டுட்டு அப்புறம் தேடிப் பாருங்க. எத்தனையோ வீடு ஏறி இறங்கிட்டேன். இதுக்கு மேல போறதுக்கு எனக்கு வீடு இல்ல.

அப்படிப் பாக்காதீங்க, உயிரோடதான் இருக்கா. நல்லா இருக்கா. சாப்பிடறா, தூங்கறா, மெஷின்ல உக்காந்து தைக்கிறா. குரல்தான் இல்ல.

தெரியுமா? உங்களுக்கு எப்படித் தெரியும்? அவளே சொன்னாளா? உங்ககிட்ட சொன்னேன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. சரி, அவ என்ன சொல்லியிருந்தாலும் அரைகுறையாத்தான் சொல்லியிருப்பா. முழுசா நான் சொல்றேன்.

தைராய்டுல ஒரு கட்டி. அது உள்ளுக்குள்ளயே வளந்து குரல்வளைக்குள்ள இறங்கிடுச்சு. பெரிய டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுக் காட்டினாரு. குரல்வளையை எடுத்துட்டா ஆளைக் காப்பாத்திடலாம், ஆனா பேச்சு போயிடும்னாரு. மெதுவா வளர்ற சாதிதான், ஆடி முடிஞ்சு வச்சுக்கலாம், அதுக்குள்ள வீட்ல பேச வேண்டியதை எல்லாம் பேசிக்குங்கன்னு சொன்னாரு. இதை நல்லா கவனிங்க டீச்சர், டாக்டர் எனக்குக் குடுத்தது வைகாசிக் கடைசிலேர்ந்து ஆடி முடிய. அதை நம்பித்தான் நான் எல்லா ஏற்பாடும் பண்ணினேன்.

ஆட்டோவுல திரும்பி வர்றப்ப அவ சிரிக்கிறா. "இனிமே உங்களுக்கு நிம்மதிதான், காது ரெண்டும் சும்மா இருக்கும்"ங்கறா. எனக்கு அழுகை வந்துடுச்சு. ஆட்டோக்காரன் கண்ணாடியில பாக்கிறான், நான் அழுவுறேன், அவதான் என் கையைப் பிடிச்சுக்கிட்டு வந்தா. அவ எப்படிப் பேசுவான்னு உங்களுக்குத் தெரியும். மெஷினை மிதிச்சுக்கிட்டே பேசுவா. தெருவுல போறவங்க, பக்கத்து வீட்டு மோட்டாரு, அவ அம்மா வீட்டுப் பழைய கதை, எல்லாம் கலந்து வந்துக்கிட்டே இருக்கும். நான் பாதிதான் காதுல வாங்குவேன், அது வேற. ஆனா அது ஓடிக்கிட்டே இருக்கணும். ரேடியோவை அணைச்சாத்தானே வீடு என்னமோ ஆன மாதிரி இருக்கும்.

அப்பத்தான் ஹரிஹரனுக்குப் போன் பண்ணினேன். கோமளாவோட அக்கா பையன், பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலை. அவன் சொன்னான், "சித்தப்பா, சித்தி குரலைக் காப்பாத்திடலாம்." எனக்கு ஒண்ணும் புரியல. அவன் விளக்கினான். அவ பேசறதை முன்கூட்டியே நிறையப் பதிஞ்சு வச்சுக்கிட்டா, ஒரு புரோகிராம் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிக்குமாம். அப்புறம் அவ எதைத் தட்டச்சு பண்ணினாலும் கம்ப்யூட்டரு அவ குரல்லயே பேசுமாம். இலவசப் புரோகிராம்தான். ஆனா லினக்ஸ்லதான் ஒழுங்கா ஓடும்னான். லினக்ஸ்னா வேற ஒண்ணும் இல்ல டீச்சர், உங்க ஸ்கூல் கம்ப்யூட்டர்ல விண்டோஸ் இருக்கும் பாருங்க, அந்த இடத்துல போடறது. காசு கிடையாது, யாரும் பூட்டிவச்சது கிடையாது. உள்ள என்ன இருக்குன்னு யாரு வேணாலும் பிரிச்சுப் பாத்துக்கலாம். அதைக் கேட்டதுமே எனக்குப் பிடிச்சுப் போச்சு.

ஆனா ஒரு சங்கதி. லினக்ஸ் எல்லாக் கம்ப்யூட்டர்லயும் ஓடிடாது. ஓடும், ஆனா ஒண்ணுல வைஃபை வராது, ஒண்ணுல மைக் பேசாது, ஒண்ணு மூடித் தொறந்தா கருப்பாவே நிக்கும். அதனால பாத்து வாங்கணும். பாத்து வாங்கறதுதான் டீச்சர் என் பொழைப்பே. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல ஸ்டோர்ஸ்ல இருந்தேன். வர்ற சரக்கைச் சோதிச்சு உள்ள விடற வேலை. ஒரு போல்ட்டுன்னாலும் கையில உருட்டிப் பாக்காம உள்ள விட்டதில்ல. வீட்டுக்கு ஒரு சீலிங் ஃபேன் வாங்கினேன், கோடை முழுக்கப் பாத்து மழைக்காலத்துல வாங்கினேன். இன்னிக்கு வரைக்கும் ஓடுது.

ஹரி என்ன சொன்னான்னா, "கம்ப்யூட்டர் அப்புறம் பாத்துக்கலாம் சித்தப்பா, முதல்ல சித்தியைப் போன்லயே பேச வச்சுப் பதிஞ்சு வையுங்க"ன்னான். போன்லயா? எனக்குக் கோபமே வந்துடுச்சு. போன்ல பதிஞ்சா அது குரலை நசுக்கி வச்சுக்கும். ஆயுசுக்கும் கேக்கப்போற குரல் டீச்சர், அதைப் போய் ஒரு போன்ல பிடிச்சு வைக்க முடியுமா? சின்னப் பசங்களுக்கு எல்லாத்துலயும் அவசரம். நான் சொல்லிட்டேன், நல்ல கம்ப்யூட்டர் வரட்டும், நல்ல மைக் வரட்டும், சுத்தமா உக்காந்து பதியலாம்னு.

அப்ப அவ குரலைப் பத்திரமா வச்சுக்கணுமா இல்லையா? ஏற்கெனவே சாயங்காலமானா கம்மிப்போகுது. நான் சொல்லிட்டேன், "கோமளா, இனிமே தேவையில்லாம பேசாத. குரலை மிச்சம் பிடி. பதியறப்ப முழுசா வேணும்." அவளும் சரின்னு தலையாட்டினா. ஆனா பழக்கம் விடுமா? காபியைக் கொண்டுவந்து வச்சுட்டு, "ஏங்க..."ன்னு ஆரம்பிப்பா. நான் வாயில விரலை வைப்பேன். அப்புறம், அப்புறம்னு கை காட்டுவேன். நான் கம்ப்யூட்டரைப் பத்தி ஏதாவது படிச்சுக்கிட்டிருப்பேன், அந்த நேரம் பாத்து வந்து பக்கத்துல உக்காருவா. எந்திரிச்சுப் போன்னும் சொல்ல முடியாது. விரலை மட்டும் வாயில வைப்பேன். கொஞ்ச நாள்ல அவளே பழகிட்டா. காபி கொண்டுவந்தா டம்ளரை ரெண்டு தட்டு தட்டுவா, அவ்வளவுதான். ஆபரேஷனுக்கு அப்புறம் மத்தவங்கல்லாம் பேச முடியாம தவிச்சுப் போயிடறாங்களாம், நர்ஸம்மா சொன்னாங்க. இவ தவிக்கவே இல்ல. ஏன்னா நான் முன்கூட்டியே பழக்கி வச்சிருந்தேன்.

கடை கடையா ஏறினேன் டீச்சர். சட்டைப் பையில ஒரு பென்டிரைவ், அதுல லினக்ஸ். ஹரிதான் போட்டு அனுப்பினான். எந்தக் கம்ப்யூட்டரா இருந்தாலும் அதைச் செருகி ஓட்டினா, உள்ள இருக்கற எதையும் தொடாம லினக்ஸ் ஓடும். வைஃபை வருதா, மைக் வருதா, மூடித் தொறந்தா முழிக்குதா, ஒவ்வொண்ணாப் பாத்துடலாம். கடைக்காரங்களுக்கு அது பிடிக்கல. ஒருத்தன், "சார், பொண்ணு பாக்கப் போறவங்ககூட இவ்வளவு பாக்க மாட்டாங்க"ன்னான். இன்னொரு கடையில நான் தெருவுல வர்றதைப் பாத்துட்டே ஷட்டரைப் பாதி இறக்கிட்டான், சாப்பாட்டு நேரமாம். காலையில பதினோரு மணிக்கு என்ன சாப்பாடு?

மைக்கைச் சோதிக்கணும்னா யாராவது பேசணுமில்ல. நானே பேசிப் பாப்பேன். என் பேரு சபாபதி, ஊரு திருச்சி, இன்னிக்கு என்ன கிழமை, வெயில் அதிகம், இப்படி. ஒரு கடைக்காரரு வயசானவரு, நல்ல மாதிரி. அவரு சொன்னாரு, "அம்மா குரலுக்குத்தானே கேக்கறீங்க? அம்மாவையே ஒருநாள் கூட்டிட்டு வந்து பேச வச்சுப் பாருங்களேன்." பாத்தீங்களா, நல்லவங்களுக்கும் விஷயம் புரியறதில்ல. மிச்சம் பிடிச்சு வச்சிருக்கற குரலைக் கொண்டுபோய்ச் சோதனைக்குச் செலவழிப்பாங்களா?

ஒண்ணுல எல்லாம் சரியா இருந்துச்சு, மைக்குல மட்டும் கொர்ருனு ஒரு இரைச்சல். இன்னொண்ணுல மைக் தெளிவா இருந்துச்சு, கிராபிக்ஸ் கார்டு தகராறு. அந்தக் கார்டு இருந்தாத்தான் குரலைப் பழக்கற வேலை வேகமா நடக்கும். ஆனா அந்தக் கார்டுக்கும் லினக்ஸுக்கும் ஆகாது, தூங்கப் போட்டா முழிக்காது. ஹரி சொன்னான், பழக்கறதை நான் இங்க பெங்களூர்ல பண்ணிக்கறேன் சித்தப்பா, உங்களுக்கு ஒரு சாதாரண மெஷின் போதும்னு. வேண்டாம்னுட்டேன். கோமளா குரல் எதுக்கு பெங்களூர் போகணும்? நம்ம வீட்டுக் குரல் நம்ம வீட்லயே இருக்கட்டும். நான் சொல்றது சரிதானே?

நடுவுல என் மச்சான் ஒரு வேலை பண்ணினான். குணசீலன், கோமளாவோட தம்பி. யாரையும் கேக்காம புதுசா ஒரு லேப்டாப்பை வாங்கிக்கிட்டு வந்து நின்னான். அப்பளம் மாதிரி இருக்கு, கையில எடுத்தா வளையுது. பென்டிரைவைச் செருகினேன். வைஃபையே தெரியல. மைக்கும் தெரியல. இது லினக்ஸுக்கு ஆகாதுடா, திருப்பிக் குடுத்துட்டு வான்னேன். லினக்ஸ் இல்லாட்டி என்ன மாமா, விண்டோஸ்லயே அக்கா பேசறதைப் பதிஞ்சு வைக்கலாமேங்கறான். விண்டோஸ்ல பதிஞ்சு லினக்ஸ்ல ஓட்டி, ரெண்டுங்கெட்டான் வேலை எனக்கு ஆகாது. சத்தம் போட்டேன். அவனும் போட்டான். கோமளா நடுவுல வந்து நின்னு ரெண்டு கையாலயும் ரெண்டு பேரையும் அமத்தறா, வாயைத் தொறக்கல. அப்ப அவன் குரலை இறக்கிட்டுச் சொன்னான்.

"மாமா, எங்கக்காவைப் பேச விடுங்க."

"அதுக்குத்தானடா நாயா அலையறேன்"னேன். லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டுப் போனவன்தான். இன்னிவரைக்கும் என்கிட்ட பேச்சு இல்ல.

ஆனா கிடைச்சுது டீச்சர். கடைசியில கிடைச்சுது. மத்திய பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய லேப்டாப் விக்கிற ஒரு சந்துக் கடை. ஏதோ கம்பெனியில கழிச்சுவிட்டது. தடியா, கருப்பா, செங்கல் மாதிரி இருந்துச்சு. பென்டிரைவைச் செருகினேன். வைஃபை வந்துச்சு. மைக் வந்துச்சு, இரைச்சலே இல்ல. மூடினேன், தொறந்தேன், முழிச்சுக்கிச்சு. திரும்ப மூடினேன், திரும்ப முழிச்சுக்கிச்சு. சந்தோஷத்துல அந்தக் கடைக்காரன் கையைப் பிடிச்சுக் குலுக்கிட்டேன். இதுதான் அது, பாருங்க. தொட்டுப் பாருங்க டீச்சர். இந்தக் காலத்துல இந்த மாதிரி கீபோர்டு வர்றதே இல்ல.

வாங்கிட்டு வந்தது ஆடி பிறந்து ஒரு வாரம் கழிச்சு. அன்னிக்கே ஆரம்பிச்சிருக்கலாமேன்னு நீங்க கேக்கலாம். அம்மா மண்டபத்துல ஆத்துக்குப் பூஜை போடற ஊரு எங்க ஊரு. ஆடிப் பதினெட்டு அன்னிக்கு எதை ஆரம்பிச்சாலும் அது பெருகிக்கிட்டே போகும்னு எங்க பக்கம் ஒரு நம்பிக்கை. புதுத் தாலிக்கயிறு மாத்தறது அன்னிக்குத்தான், நகை வாங்கறது அன்னிக்குத்தான். குரலு பெருகணுமா வேண்டாமா? அன்னிக்கு ஆத்துக்குப் போய்ட்டு வந்து, சாமி கும்பிட்டுட்டு, முதல் வார்த்தையைப் பதியறதுன்னு வச்சுக்கிட்டேன். அதுவரைக்கும் இருக்கற நாளுல லினக்ஸை ஒழுங்காப் போட்டு, தமிழ் எழுத்தெல்லாம் சரி பண்ணி, ஜன்னலுக்குப் பழைய போர்வையைத் தொங்கவிட்டு ஒரு ரூமையே தயார் பண்ணினேன். அவ வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. உள்ள வரட்டுமான்னு கையால கேட்டா. இன்னும் முடியலன்னேன்.

பதினெட்டுக்கு முந்தின நாள் காலையில மூச்சு விட முடியலன்னு உக்காந்துட்டா. கட்டி மூச்சுக்குழாயை அடைச்சுடுச்சு. ஆஸ்பத்திரிக்குப் போனதுமே உள்ள தள்ளிக்கிட்டுப் போனாங்க, இனிமே காத்திருக்க முடியாது, இப்பவே எடுத்தாகணும்னாங்க. மெதுவா வளர்ற சாதின்னு சொன்னவங்கதான் டீச்சர். நாள் குடுத்தவங்கதான். என் ஏற்பாட்டுல என்ன குறை சொல்லுங்க? ஒரே ஒரு நாள் தள்ளியிருந்தா.

ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல ஆக்சிஜன் மாஸ்க்கை இறக்கிட்டு என் சட்டையைப் பிடிச்சு இழுத்தா. "ஏங்க..."ன்னா. பேசாத பேசாத, மூச்சு வாங்கும்னு நானே மாஸ்க்கை ஏத்தி விட்டேன். நர்ஸும் அதைத்தான் சொன்னாங்க. நானா ஒண்ணும் பண்ணல. அந்த ஏங்கதான் கடைசி.

என்ன சொல்ல வந்தான்னு அப்புறம் கேட்டேன். எழுதிக் காட்டுன்னு ஸ்லேட்டைக் குடுத்தேன். என்னையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, ஒண்ணுமில்லன்னு கையை ஆட்டிட்டா.

வீட்டுக்கு வந்ததும் இந்தக் கம்ப்யூட்டர்ல ஏற்கெனவே இருக்கற ஒரு குரலைப் போட்டுக் காட்டினேன். ரயில்வே ஸ்டேஷன்ல வண்டி வருதுன்னு சொல்வாங்களே, அந்த மாதிரி ஒரு பொம்பளைக் குரல். 'ஏங்க, காபி வேணுமா'ன்னு நான் தட்டச்சு பண்ணினேன், அது பேசுச்சு. கோமளா வந்தா, மூடியைச் சாத்தினா, போய் மெஷின்ல உக்காந்துட்டா. அதுக்கப்புறம் இதைத் தொடவே இல்ல. ஸ்லேட்டுலயும் எழுதறதில்ல. மத்தவங்க வந்தா எழுதறா, சிரிக்கிறா, சைகையில கதையே சொல்றா. என்கிட்ட டம்ளரைத் தட்டறதோட சரி.

எனக்கு முடியல டீச்சர். உண்மையைச் சொல்றேன், முடியல. மெஷின் சத்தம் மட்டும் கேக்குது. அது நின்னா ஒண்ணுமே இல்ல. நான் பேசறேன், பேசிக்கிட்டே இருக்கேன், வாயே மூடறதில்ல, பக்கத்து வீட்டு மோட்டாரைப் பத்திக்கூட நான் பேசறேன். அவ என்னைப் பாத்துக்கிட்டுத் தைக்கிறா. இப்படியே போனா நான் என்ன ஆவேன்னு எனக்கே பயமா இருக்கு.

அதான் தேட ஆரம்பிச்சேன். எங்கயாவது பதிவாகி இருக்குமில்ல. ஹரி சொன்னான், சுத்தமான பேச்சு அரைமணி நேரம் கிடைச்சாக்கூட ஓரளவு பண்ணிடலாம்னு. கல்யாண வீடியோவை எடுத்தேன். எங்க அக்கா பொண்ணு கல்யாணம், வளைகாப்பு, கிரகப்பிரவேசம், எல்லாத்துலயும் கோமளா இருக்கா, நிறையப் பேசறா. ஆனா எல்லாத்துக்கும் மேல சினிமாப் பாட்டைப் போட்டு வச்சிருக்கான் வீடியோக்காரன். வாய் அசையுது, பாட்டு ஓடுது. ஒரு இடத்துல என்னைப் பாத்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறா. என்ன சொன்னான்னு எனக்கு ஞாபகம் இல்ல. அந்த இடத்தையே திருப்பித் திருப்பிப் போட்டுப் பாக்கறேன், பாட்டுதான் வருது. வீடியோக்காரனைத் தேடிப் போனேன், தொழிலை விட்டு எங்கயோ போயிட்டானாம்.

கேஸ் புக் பண்றப்ப இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறதுன்னு சொல்வாங்களே. அங்க போன் பண்ணி, எங்க வீட்டம்மா பேசினதைக் குடுங்கன்னு கேட்டேன். போனை எடுத்த பொண்ணு முதல்ல நான் திட்டறேன்னு நெனச்சுப் பயந்துடுச்சு, அப்புறம் அழுதுடுச்சு, ஆனா குடுக்க வழி இல்லன்னுடுச்சு. ஜாக்கெட் குடுக்கறவங்க வீட்டுக்கெல்லாம் போனேன். பாதிப் பேரு போனை மாத்திட்டாங்க. மீதிப் பேரு போன்ல 'சரிங்க', 'ஆச்சுங்க', 'நாளைக்கு வாங்க', அவ்வளவுதான். எல்லாத்தையும் சேத்தா ஒரு டீ குடிக்கிற நேரம் வராது.

குணசீலன் போன்ல நிச்சயம் இருக்கும். மானத்தை விட்டு அவன் வீட்டு வாசல்ல போய் நின்னேன். "இருக்கு மாமா, ஆனா தர மாட்டேன். அதை நீங்க கேக்க வேண்டாம்"னு கதவைச் சாத்திட்டான். லேப்டாப்பைத் திருப்பி விட்ட கோபம் அவனுக்கு இன்னும் போகல. பாருங்க, ஒரு வைஃபை சிப்புக்காக அக்கா குரலையே ஒளிச்சு வைக்கிற மனுஷன்.

என் குரல் நிறைய இருக்கு. அதுதான் கொடுமை. கடை கடையா மைக்குல நான் பேசினதெல்லாம் பென்டிரைவ்ல அப்படியே இருக்கு, மணிக்கணக்குல, சுத்தமா. என் பேரு சபாபதி, ஊரு திருச்சி, வெயில் அதிகம்னு. ஹரிகிட்ட சொன்னேன்.  "சித்தப்பா, உங்க குரலை வேணா பண்ணலாம்"னான். என் குரலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?

இங்க வர்றது அவளுக்குத் தெரியாது. ஆச்சரியமா இருக்கட்டும்னு சொல்லல. இப்ப தேடிப் பாருங்க டீச்சர். கோமளான்னு போட்டா வரும். 'கோமளா டெய்லர்'னு வச்சிருப்பீங்க, இல்லேன்னா 'உறையூர் டெய்லர்'.

இருக்கா? நெசமாவா? காட்டுங்க. இத்தனையா? கீழ போகப் போக வருதே. நாலு நிமிஷம், ஆறு நிமிஷம்... ஜாக்கெட்டுக்கு எதுக்கு ஆறு நிமிஷம்? எல்லாம் ஆனியும் ஆடியும். அந்த நேரத்துலதான் பேச வேண்டாம்னு சொல்லியிருந்தேன், அதையும் மீறிப் பேசியிருக்கா பாருங்க. பரவால்ல, நல்லதாப் போச்சு. டீச்சர், நீங்க தெய்வம். நான் உங்க கால்ல விழுந்தாலும் தப்பில்ல.

ஏன் தயங்கறீங்க? உங்க சொந்த விஷயம் ஏதாவது இருந்தா நான் கேக்கல, அப்படியே இறக்கிக்கறேன். கேபிள் கொண்டு வந்திருக்கேன். ஒரே ஒண்ணு மட்டும் போட்டுக் காட்டுங்க, தரம் எப்படி இருக்குன்னு பாக்கணும். அந்த ஃபேனை நிறுத்திடுங்களேன். ஆங், இப்ப போடுங்க.

"டீச்சர், நான் கோமளா பேசறேன். உங்க மாம்பழக் கலர் ஜாக்கெட் முடிஞ்சிருச்சு, ஹூக்கு மட்டும் வைக்கணும். முதுகை நீங்க சொன்னதைவிட ஒரு விரக்கடை ஏத்தி வச்சிருக்கேன், ஸ்கூலுக்குப் போட்டுக்கிட்டுப் போறதாச்சே..."

தெளிவா இருக்கு. பின்னாடி கொஞ்சம் மெஷின் சத்தம் இருக்கு, அதை எடுத்துடலாம். அவ குரல்தான். அவளேதான் டீச்சர். ஓடட்டும், ஓடட்டும்.

"...அவரு கடைக்குப் போயிருக்காரு, கம்ப்யூட்டர் பாக்க. அதான் பேசறேன். இருந்தா பேச விட மாட்டேங்கறாரு. குரலை மிச்சம் பிடி, மிச்சம் பிடிங்கறாரு. நல்லதுக்குத்தான் பண்றாரு. வெயில்ல அலைஞ்சு பாதி ஆளாயிட்டாரு, பாவம். ஆனா யாருகிட்ட பேசறதுக்கு டீச்சர் மிச்சம் பிடிக்கிறது? மத்தவங்களுக்கு நான் எழுதிக் காட்டிக்குவேன். எனக்கு அவருகிட்டதான் பேசணும். நிறைய இருக்கு. பக்கத்துல போய் உக்காந்தா வாயில விரலை வைக்கிறாரு. இதை உங்ககிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது. சரி, கேட் சத்தம் கேக்குது, வந்துட்டாரு. வைக்கிறேன்."

...

அந்தக் கேட் சத்தம் கேட்டுச்சுங்களா டீச்சர்? கடைசியில, கிரீச்சுனு. அது நான்தான். நான்தான் உள்ள வர்றேன்.

எண்ணெய் போடணும் போடணும்னு இருந்தேன் அந்தக் கேட்டுக்கு.

இல்ல, தண்ணி வேண்டாம். ஒண்ணுமில்ல எனக்கு. கேபிளா? கேபிள் கையிலதான் இருக்கு, இன்னும் செருகல. அது கிடக்கட்டும். ஃபேனைப் போட்டுக்குங்க, உங்களுக்கு வேர்க்குது. அடுத்ததைப் போடுங்க டீச்சர். நான் குறுக்க ஒண்ணும் பேச மாட்டேன். அவ பேசட்டும்.